சாணும் முழமும்

எங்கள் லீக்கில் பதினாறு அணிகள்.
பனித்தளம் கிடையாது, மட்டை கிடையாது.
வீரர்கள் எண்ணூறு பேர்,
ஒருவனுக்கும் தாய் கிடையாது.
சம்பளத்துக்கு மட்டும் உச்சவரம்பு உண்டு:
அணிக்கு எட்டுக் கோடி டாலர்,
எங்களில் யாரும் கண்ணால் காணாத டாலர்.

நான் கமிஷனர்.
பகலில், சூப்பீரியர் ஏரியின் வடகரையில்,
சாலைக்கு உப்புத் தூவும் லாரிகளின்
டீசல் கணக்கை எழுதுகிறவள்.
மாதத்தின் முதல் ஞாயிறு இரவு
பாத்திரம் கழுவி, நாயை வெளியே விட்டு,
பனியோடு உள்ளே வரும் அதைத் துவட்டி,
பிறகு பதினாறு ஏடுகளையும் கூட்டிப் பார்ப்பேன்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
இங்கே ஆறு நவம்பரிலேயே உறைந்துவிட்டது.
அளப்பதுதான் நிற்கவில்லை.

டிசம்பரில், ஓரெஸ்ட் பிரிச்சுனின் அணி
இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கூடுதல்.
மூன்று முறை கூட்டினேன்.
நாலாவது முறை
கால்குலேட்டரை மாற்றிக் கூட்டினேன்.

காரணம் ஒரே ஆள்.
கோல்கீப்பர் லூடெக் ஹவ்ரானெக், வயது முப்பத்தொன்பது.
வேகம் நூற்றுக்கு அறுபத்தொன்று,
போன வருடம் எழுபது.
முழங்கால் என்ற கட்டத்தில் சிவப்பு.
முதல் தேதிக்குள் அவனை விடுவித்திருந்தால்
கணக்கு நேராகியிருக்கும்.
ஒரே ஒரு பொத்தான்.
"உறுதியா?" என்று ஒருமுறை கேட்கும், அவ்வளவுதான்.

தலைக்கு மேல் போனபின்
சாண் என்ன, முழம் என்ன என்று
உலகம் கேட்கலாம்.
விதி பதினான்கு கேட்காது.
சாணுக்கு அபராதம்.
முழத்துக்கு, இரண்டாம் சுற்று டிராஃப்ட் உரிமை பறிபோகும்,
மீறியதில் இரு மடங்கு
அடுத்த வருட வரம்பில் கழியும்.
ஒரு லட்சம் தாண்டினால் முழம்.
எழுதியவள் நானேதான்,
எட்டு வருடம் முன்பு, காய்ச்சலில் படுத்துக்கொண்டு.

ஓரெஸ்டைக் கூப்பிட்டேன்.
பின்னால் வாஷிங் மெஷின் தடதடத்தது.
"விட மனசு வரலை."
"அப்படி ஒரு ஆளே இல்லை, ஓரெஸ்ட்."
"தெரியும்."
"அவனுக்கு வீட்டுக் கடன் இல்லை."
"தெரியும், ஐலா. எனக்கு இருக்கு."

அக்டோபரில் மரக்கூழ் ஆலையில்
நூற்று நாற்பது பேரைக் கழித்தார்கள்.
காலை ஆறு மணிக்கு வாசலில்
அவன் அட்டைக்குப் பச்சை விளக்கு எரியவில்லை.
இன்னொரு முறை தேய்த்தான்.
பின்னால் நின்றவனுக்கு வழிவிட்டு
அவன் அட்டையையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதை லீக்கில் யாருக்கும் சொல்லவில்லை.
தீர்ப்பில் தொகை, தேதி, விதி எண், என் பெயர்,
அதற்கு மேல் ஒரு வரி இல்லை.
கெல்சோ மக்வேட்டி மட்டும்
"போதாது, முதல் சுற்றையே பறி" என்று எழுதினான்.
போன வருடம் ஒரு சாண் மீறியவன் அவன்,
இல்லாத பணத்தில் அபராதம் கட்டிவிட்டு
இருக்கிற கோபத்தை இன்னும் வைத்திருக்கிறான்.

செவ்வாய் இரவு ஓரெஸ்டிடமிருந்து நாலு வரி:
"நீ ஒன்றைத் தவறவிட்டுவிட்டாய்.
காயப்பட்டியலில் இருக்கும் ஃப்ரீலுண்டுக்குக் கால் உடையவில்லை.
உடைந்ததாகப் பதிந்தது நான்.
ஏழு லட்சம். சேர்த்துக்கொள்."

சேர்த்தேன்.
ஒன்பது லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
இரு மடங்கு, பதினெட்டு லட்சத்து இருபத்து நாலாயிரம்.
இந்த முறை
ஒரே ஒரு தடவைதான் கூட்டினேன்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு
ஆட்டங்களை ஓட்டினேன்.
எட்டு ஆட்டம், பதினொரு நொடி.
முப்பத்தாறு ஷாட்டில் ஆறை விட்டான் ஹவ்ரானெக்.
ஆறுக்கு இரண்டு, தோல்வி.

நாய் கதவைப் பிறாண்டும்போது
ஓரெஸ்டின் செய்தி வந்தது:
"அந்த ஆறாவது கோல்,
முன்னால் ஆள் நின்று மறைத்திருப்பான்.
அவன் பந்தையே பார்த்திருக்க மாட்டான்."

எங்கள் நிரலில் மறைப்பவர்கள் கிடையாது.
வேகம் ஒரு எண், தூரம் ஒரு எண்,
நடுவில் ஒரு பகடை.
பந்தும் கிடையாது, தட்டையான ரப்பர் வில்லைதான்,
அதுவும் கிடையாது.

ஆமாம், மறைத்திருப்பான் என்று
பதில் எழுதினேன்.